கீழ்லயத்துப் பெரட்டு

கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கஞ்சி அகப்பையை எடுக்கப் பெர்சி குனிந்தபோது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு குரல் "இருக்கேன்" என்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும், கொழுந்து கிள்ளப் போகும் மழைநாளில் ஆஜர் சொல்ல நிற்பதுபோலவே, பிளாஸ்டிக் தாளைத் தலைவழியாகப் போர்த்தி வரிசையாக நின்றிருந்தார்கள். தாள்கள்மேல் மழை பொடுபொடுவென்று விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் முகமும் சரியாகத் தெரியவில்லை.

"யாரு ரெண்டு தரம் குரல் குடுத்தது?"

"எதிரொலிக்கும் பசிக்குது போல மதினி," என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய். "அதுக்கும் ஒரு அகப்பை ஊத்து."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெர்சியும் சிரித்தாள். ஆனால் அந்தக் குரல் வரிசை முடிகிற இடத்துக்கும் அப்பால், தேயிலைச் சரிவு இறங்கித் தண்ணீருக்குள் போகிற பக்கத்திலிருந்து வந்திருந்தது. அங்கே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

சின்னக்கானலுக்கு அந்தப் பக்கம், அணைத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்த அந்த மேட்டில் ஒரே ஒரு லயம்தான், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீடுகளின் ஒற்றை வரிசை. மேல்லயம் என்பார்கள். சரிவின் அடியில் இன்னொன்று இருந்தது, கீழ்லயம். மழை விடாமல் கொட்டிய ஒரு சாயங்காலம் உருள்பொட்டியது. மலையின் ஒரு பக்கம் அப்படியே கழன்று வந்து, ரோட்டையும் பாலத்தையும் கீழ்லயத்தையும் வாரிக்கொண்டு போனது. அது தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் அணைத் தண்ணீர் ஏறி நிறைந்தது. விடிந்து பார்த்தால் மேல்லயம் ஒரு தீவு. சுற்றிலும் செம்மண் கலங்கிய தண்ணீர், அதில் வேரோடு சுற்றிச் சுற்றி மிதக்கும் சில்வர் ஓக் மரங்கள், எந்தப் படகும் கிட்டே வர முடியாத சுழல். போனில் டவர் இல்லை. மூட்டத்துக்கு மேலே ஒருமுறை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அதுவும் வழி தவறியதுபோல் வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது. கீழ்லயத்திலிருந்து ஒருவர்கூட மேலே ஏறி வரவில்லை.

முதல் நாளே சண்டை வந்தது. குழந்தைகள் காப்பகத்தில் கஞ்சிக்கான அரிசியும் பயறும் மூட்டையில் இருந்தன. சாவி ஏசுரத்தினம் கங்காணியிடம். அவர் அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே, பெர்மனென்ட் ஆட்களுக்கு முழுப் பங்கு, டெம்பரரிக்குப் பாதி, வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு மிஞ்சினால் என்றார். வடக்கேயிருந்து வந்தவள் என்று அந்த மேட்டில் மிஞ்சியிருந்தது ஜார்க்கண்டுக்காரி பூல்மணி ஒருத்திதான். நிறைமாத வயிறு. அவள் புருஷன் அன்று சாயங்காலம் விறகு கேட்டுக் கீழ்லயத்துக்கு இறங்கிப் போனவன். தமிழ் அவளுக்கு அரைகுறைதான். ஆனாலும் கங்காணி சொன்னது புரிந்து, தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

பெர்சி நேராகப் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி."

"கேக்கதுக்கு நீ யாருட்டீ?"

"பசிக்கிறவ."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சின்னத்தாய் வந்து அவள் பின்னால் நின்றாள். பிறகு மற்றப் பெண்கள், ஒவ்வொருவராக. சாவி கைமாறியது.

அன்றைக்கே பெர்சி எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினாள். காலையிலும் சாயங்காலமும் இனி அவளே பெயர் கூப்பிடுவாள். "பெரட்டுல நின்னு குரல் குடுக்கிற யாரும் நம்ம ஆளு. ஒரே அகப்பை, ஒரே அளவு. என்ன சாதி, சர்ச்சா கோயிலா, பேரு ஆபீஸ்ல இருக்கா இல்லையான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது." அடுத்தது வீடு. காற்றில் தகரம் பிய்ந்து எல்லா வீடும் ஒழுகியது. ஓரத்திலிருந்த கங்காணி வீடு மட்டும் காய்ந்து கிடந்தது. "அந்த வீடு இனிமே எல்லாருக்கும் முறை வச்சு. உள்ள போற குடும்பம் ஒரு ராத்திரி படுக்கலாம். அங்கேருந்து வெளிய வர்றவங்க, புதுசா உள்ள போறவங்க காலி பண்ணுன வீட்டுக்குப் போயிரணும். மாத்தி மாத்தி. காய்ஞ்ச எடமும் எல்லாருக்கும், நனைஞ்ச எடமும் எல்லாருக்கும்."

"உங்க அம்மா உன்னையப் பெத்தாளா, வக்கீலுக்குப் படிக்க வச்சாளா?" என்றார் ஏசுரத்தினம். ஆனாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கேட்டதை வாங்காமல் விட்டவள் இல்லை பெர்சி. தனபாலையும் அப்படித்தான் வாங்கினாள். அவள் வீட்டில் ஜெபம், அவன் வீட்டில் சுடலைக்குக் கொடை. இரண்டு வீடும் கதவைச் சாத்தியபோது, தேவிகுளம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும்போது ஆளுக்கொரு பரோட்டா தின்றுவிட்டு வந்தார்கள். இப்போது அவன் குறைவாக ஒழுகிய ஒரு மூலையில் காய்ச்சலோடு முடங்கிக் கிடந்தான். பறந்து வந்த தகரம் கிழித்த கால், பூசணிபோல் வீங்கியிருந்தது.

"உன்னைய முன்னாடியே கங்காணி ஆக்கியிருந்தா எஸ்டேட்டு எங்கேயோ போயிருக்கும் புள்ள," என்றான், பல் கிடுகிடுக்க.

"பேசாமப் படுங்க. எஸ்டேட்டு இப்பவே எங்கேயோதான் போயிருச்சு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாது என்பதுதான் அவள் வேண்டுதல், சண்டை, எல்லாம்.

அந்த முதல் "இருக்கேன்" கேட்ட சாயங்காலம், அவள் பயப்படவில்லை. கீழ்லயத்தில் யாரோ பிழைத்திருக்கிறார்கள், மண்ணில் புரண்ட அதிர்ச்சியில் கிட்டே வரக் கூசுகிறார்கள் என்று நினைத்தாள். பூல்மணியின் புருஷனாகவும் இருக்கலாம். குரல் கொடுத்தவர் நம்ம ஆள். ஒரு தட்டில் அதே அகப்பையால் அதே அளவு ஊற்றி, சரிவின் விளிம்பிலிருந்த பாறைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் தட்டு அதே இடத்தில் இருந்தது. கஞ்சி இல்லை. கஞ்சி நின்ற அதே மட்டத்துக்குச் செம்மண் குழைத்து ஊற்றி, மேலே விரலால் வழித்துச் சமனாக்கி வைத்திருந்தது. ஒரு அகப்பைக்கு ஒரு அகப்பை.

"பாத்தியா?" என்றார் ஏசுரத்தினம். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "யாரு வேணும்னாலும் குரல் குடுக்கலாம்னு நீதான சொன்ன. பேரு பதிஞ்ச ஆளுங்களுக்கு மட்டும்னு மாத்து. இன்னைக்கே மாத்து."

"மாத்துனா பூல்மணி?"

"அவளுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"அதான் முடியாதுங்கேன்."

"மனுஷனுக்குத்தானம்மா முறை. அது மனுஷன் இல்ல."

"அன்னைக்கு நீங்க பூல்மணியையும் அப்படித்தான் ஒதுக்குனீங்க அண்ணாச்சி."

 பெர்சி தட்டைக் கழுவப் போனாள். மண் எளிதில் போகவில்லை. பிசுபிசுத்தது, புதிதாகப் பிளந்த மண்ணின் வாடை, அறுந்த வேரின் வாடை, அவற்றுக்கு அடியில் எங்கோ யாரோ தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் வாடை.

அடுத்த பெரட்டில் ஒரு குரலுக்குப் பதில் சில குரல்கள். அதற்கடுத்ததில் இன்னும் சில. ஆண், பெண், தொண்டை உடைகிற வயதுப் பையன். சின்னத்தாய் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். மூட்டம் இறங்கிய ஒரு சாயங்காலம், வரிசையில் ஊற்றிக்கொண்டே போன பெர்சிக்கு, வரிசை நீளமாகிவிட்டது என்று தோன்றியது. முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. இன்னும் ஒரு பிளாஸ்டிக் தாள். இன்னும் ஒரு தட்டு. தட்டைப் பிடித்திருந்த விரல்கள், நாள் முழுக்கத் துணி துவைத்தவளின் விரல்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகங்களுக்கு அடியில் சிவப்பு. தாளுக்குள்ளிருந்து மூச்சு வரவில்லை. மழை அதன்மேல் விழும் சத்தம்கூட வேறு மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் கேட்டது.

 ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள். அடுத்ததற்கும்.

காய்ந்த வீடு சுற்றி வந்து கடைசியாகப் பெர்சிக்கும் தனபாலுக்கும் முறை கிடைத்தது. ஒரு ராத்திரி அவன் நனையாமல் தூங்கினான். விடியலில் நெற்றி வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் அந்த நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். சாயங்காலம் பாயைச் சுருட்டினாள்.

"சொகமில்லாத மனுஷன் மதினி," என்றாள் சின்னத்தாய். "இன்னொரு நாள் கெடக்கட்டும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எம் புருஷனுக்காக வளைச்சேன்னா அப்புறம் அது என்ன முறை?"

தனபாலைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தாள். முறை மறுபடி முதலிலிருந்து ஏசுரத்தினத்துக்கு. அவர் பாயோடு தன் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

இப்போதுதான் எல்லார் கண்முன்னும் காலியான வீடு. ஏசுரத்தினம் திரும்பிப் பெர்சியைப் பார்த்தார். கதவுக்கு அடியிலிருந்து செந்தண்ணீர் மெல்லக் கசிந்து வாசற்படியில் இறங்கியது. உள்ளே சத்தங்கள் கேட்டன. பாய் உதறி விரிக்கும் சத்தம். பாத்திரத்தைத் தரையில் வைக்கும் சத்தம். ஒரு குழந்தையின் இருமல். அதை யாரோ முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். வேலை விட்டு வந்து காலை நீட்டும் ஆணின் கனைப்பு. ஒரு குடும்பம், வெகுநாள் கழித்துக் காய்ந்த இடம் கிடைத்த நிம்மதியில், ராத்திரிக்கு ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தது.

"அவங்க முறை," என்றாள் சின்னத்தாய். உதடு மட்டும் அசைந்தது. "மதினி... அவங்க காலி பண்ணுன வீடு கீழ்லயத்துலல்ல?"

 பெர்சி தன் தோளில் சாய்ந்திருந்தவனைப் பார்த்தாள். காய்ந்த வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிரவு ஒருவரும் தங்கள் வீட்டில் படுக்கவில்லை. காப்பகத்துக் கூடத்தில், ஒழுகுகிற இடங்களைச் சுற்றி, ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

விடிந்தபோது மழை நின்றிருந்தது. அத்தனை நாளில் முதல்முறை. கூரைச் சொட்டுகூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூட்டம், காய்ச்சிய பாலின் ஆடைபோல் அசையாமல். அந்த அமைதியில், சரிவின் அடியிலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து, ஒரு குரல் வந்தது.

"தனபா...ல்."

அந்தக் குரலை எல்லாருக்கும் தெரியும். கீழ்லயத்துக் கங்காணி மத்தியாஸ். கொழுந்து மிகுந்த மாதங்களில் இரண்டு லயத்துக்கும் அவர்தான் பெரட்டு எடுப்பார். பெயரின் நுனியைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவார்.

"இருக்கேன்," என்றான் தனபால்.

கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சொன்னான். விவரம் தெரிந்த நாளிலிருந்து, பெயர் கேட்டால் அந்த மேட்டில் யாருக்கும் வாயில் தானாக வருகிற சொல். சொல்லிவிட்டு எழுந்தான். ஊன்ற முடியாத காலை ஊன்றி எழுந்தான். கதவைப் பார்த்து நடந்தான்.

பெர்சி பாய்ந்து இடுப்பைக் கட்டினாள். சின்னத்தாய் தோளைப் பிடித்தாள். இருவரையும் இழுத்துக்கொண்டு அவன் நடந்தான். நேற்று வேர்த்திருந்த உடம்பு கிணற்றுக் கல்போல் ஜில்லிட்டிருந்தது. பூல்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். அவன் நின்றான். முழங்கால் மடங்கியது. பெர்சி அவனைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, பூல்மணியைத் தாண்டி வாசலில் போய் நின்றாள்.

மூட்டம் சரிவில் கொஞ்சம் விலகியிருந்தது. தண்ணீருக்கு அடியில் வெளிச்சம். வரிசையாக, மங்கலாக, ஒன்றை ஒட்டி ஒன்று. வெளிச்சம் மட்டுமில்லை; திறந்த கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு உள்ளேயும் விளக்கு ஏற்றி, தரை பெருக்கி, பாய் விரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஒருவர், வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு.

பெர்சி நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியாஸ் அண்ணே," என்றாள்.  மறுபடி சொன்னாள், உரக்க. "கேட்டீங்க, கஞ்சி தந்தோம். எங்களுக்கு ஊத்துன அகப்பையாலதான் ஊத்துனோம். காய்ஞ்ச எடமும் எடுத்துக்கிட்டீங்க, இருந்துக்கோங்க. மூச்சு விடுறவங்கள மண்ணுக்குள்ள அனுப்புறதுக்கு நான் முறை வைக்கல. ஒருத்தரையும் தர மாட்டேன்."

கீழே ஒரு கதவும் அசையவில்லை. யோசிப்பதுபோல.

பிறகு, பொறுமையாக.

"ஏசுரத்தின...ம்."

"இருக்கேன்." பின்னாலிருந்து. அவள் திரும்புவதற்குள் அவர் அவளை ஒதுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். முகத்தில் எந்தப் பயமும் இல்லை. வேலைக்குப் போகிற முகம். பெர்சி அவர் சட்டையைப் பிடித்தாள். சட்டை ஈரமாகக் கிழிந்து கையோடு வந்தது. மூட்டம் மூடியது. தண்ணீர் ஒருமுறை, மிக மெல்ல, களுக் என்றது. அடியில் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"தனபா...ல்."

"வாயப் பொத்துங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். "அவங்கவங்க கைய நம்பாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க வாய. ஒருத்தர் வாய ஒருத்தர். விடாதீங்க. என்ன கேட்டாலும் விடாதீங்க."

தனபாலின் வாய்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் அவன் உதடு அந்தச் சொல்லுக்காகத் துடித்தது. அழுத்தினாள். கூடம் முழுக்க எல்லாரும் அதையே செய்தார்கள். பெர்மனென்ட், டெம்பரரி, ஜெபக்காரர், சுடலைக்காரர். கை, வாய், கை, வாய். யாரும் யாரையும் கேட்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக மூட்டம் உள்ளே வந்து கால்களை மூடியது. இடுப்பை மூடியது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து பெர்சியின் வாயைப் பொத்தியது. சின்னத்தாய் என்று நினைத்தாள். கண்ணில் நீர் வந்தது.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. ஒன்றுக்கும் பதில் இல்லை.

தனபாலின் உதடு ஓய்ந்தது. அவன் மூச்சு அவள் விரலில் பட்டது. சூடாக. சூடாக இருந்தது.

மூட்டம் ஒரு கணம் தாழ்ந்தது. எதிரே சுவரோரம் சின்னத்தாய். அவள் கை பூல்மணியின் வாய்மேல். பூல்மணியின் கை அவள் வாய்மேல். இருவரின் கண்களும் பெர்சிக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி, இமைக்காமல்.

பெர்சியின் வாய்மேலிருந்த கை நனைந்திருந்தது. அறுந்த வேரின் வாடை.

"பெர்...சி."

தொண்டையில் அந்தச் சொல் ஏறியது. நாக்குக்கு வந்தது.

அந்தக் கை பொத்துவதை நிறுத்தியது. சுருங்கிய விரல்கள் அவள் உதடுகளுக்கு நடுவே நுழைந்து, அவசரமே இல்லாமல், வாயைத் திறக்கத் தொடங்கின.

பெர்சி கடித்தாள்.

பல்லில் மண் நெறுநெறுத்தது. குளிர்ந்த தண்ணீர் நாக்கில் ஊறித் தொண்டைக்குள் இறங்கியது. அவள் தனபாலின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்திக் கடித்தாள். உள்ளே எலும்பு தட்டுப்படவில்லை. மண், மண்ணுக்குள் மண். விரல்கள் விலகவில்லை. அவளும் விடவில்லை. அவள் பெயர் இன்னொரு முறை வந்தது. இப்போது கீழேயிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து.